எல்லாருக்கும் இருபது

போன ஆவணியில் காய்ச்சல் வந்து நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் நர்ஸாகக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றவள், அப்போதுதான் முதல்முறையாகக் கட்டிலில் படுத்தேன். காலையில் ஒரு நர்ஸ் பிள்ளை வந்தாள். விரலில் கிளிப் மாதிரி ஒன்றை மாட்டினாள். நெற்றிக்கு நேராகத் துப்பாக்கி மாதிரி ஒன்றை நீட்டினாள். ரத்த அழுத்தத்தை மிஷினே பார்த்துக்கொண்டது. ஒரு நிமிஷத்துக்குள் எல்லாம் முடிந்து, கால்மாட்டில் தொங்கிய சார்ட்டில் எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

தொழில் புத்தி விடுமா? எட்டி எடுத்துப் பார்த்தேன். காய்ச்சல் சரி, நாடி சரி. மூச்சுக்கான கட்டத்தில் நிமிஷத்துக்கு இருபது என்று இருந்தது. அதற்கு முன் ராத்திரி எழுதியவளும் இருபது. அதற்கும் முன்னால் இருபது. பக்கத்துக் கட்டில் அம்மா மூன்று தலையணையை அடுக்கிச் சாய்ந்தபடி இரைத்துக்கொண்டிருந்தார். அவர் மகளிடம் கேட்டு அந்தச் சார்ட்டையும் வாங்கிப் பார்த்தேன். அதிலும் இருபதுதான். நானே எண்ணினேன், முப்பத்திரண்டு. அந்த நர்ஸ் பிள்ளையைக் கூப்பிட்டுச் சொன்னேன். "நார்மல்தாம்மா, டாக்டர் வரும்போது சொல்லுதேன்" என்றாள். மகளை விரட்டி டாக்டரைக் கூட்டிவரச் சொன்னேன். மத்தியானம் ஆக்சிஜன் வைத்தார்கள். ஆக்சிஜன் குழாய் மூக்கில் இருக்கும்போதே, சாயங்காலம் அந்த அம்மாவுக்கு மறுபடி இருபது என்று எழுதினாள்.

எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. கோபப்பட எனக்கு யோக்கியதை கிடையாது.

என்னோடு வேலை பார்த்த பிள்ளைகள் ஏதோ மலர் போடுகிறார்களாம். "மனசுக்கு நிறைவான அனுபவம் ஒண்ணு எழுதிக் கொடுங்க சிஸ்டர்" என்று ஆறு மாதமாகக் கேட்கிறார்கள். அப்படி ஒன்று என்னிடம் இல்லை. இருப்பது இதுதான். போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம்.

மதுரையில் மூன்று வருஷம் படித்தேன். தூக்கம் இல்லாததும் பசித்ததும், விரிப்பின் மூலையை மடிக்கத் தெரியாமல் திட்டு வாங்கியதும்தான் ஞாபகம் இருக்கிறது. நாடியை ஒரு நிமிஷம் முழுசாக எண்ண வேண்டும், மூச்சையும் ஒரு நிமிஷம் முழுசாக எண்ண வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். அதைப் பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேன்.

முதல் வேலை ஸ்ரீவில்லிபுத்தூரில், பன்னிரண்டு கட்டில் உள்ள ஒரு சின்ன ஆஸ்பத்திரி. எனக்கு மூத்த நர்ஸ் அக்கா ஒருத்தி அங்கே இருந்தாள். முதல் நாள் நான் ஒரு நோயாளியின் நெஞ்சையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு வந்தாள்.

"ஏட்டி, என்ன செய்யுத?"

"மூச்சு எண்ணுதேன்க்கா."

"எண்ணி என்ன செய்யப் போற? பெரியாளுன்னா இருபது, சின்னப் பிள்ளைன்னா இருபத்தெட்டு. மூச்சு முட்டுனா அவியளே கத்த மாட்டாகளா? வா, ஊசி போடணும்."

அவள் கெட்டவள் இல்லை. படுக்கைப் புண்ணோடு கிடப்பவர்களை வீட்டு ஆட்களே தொடத் தயங்கும்போது, அவள் முகம் சுளிக்காமல் கழுவி விடுவாள். அவள் சொன்னதைக் கேட்டு எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. ஆளுக்கு ஒரு நிமிஷம் மிச்சம். அங்கே இருந்த இரண்டு வருஷத்தில் ஒரு கெடுதலும் நடக்கவில்லை. கொஞ்சம் மோசமானாலே மதுரைக்கு அனுப்பிவிடுவார்கள், அங்கே என்ன ஆனார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. இருபது என் கையில் நன்றாகப் படிந்துவிட்டது.

கல்யாணமாகி ராஜபாளையம் வந்தேன். எண்பதுகளின் நடுவில், ஊருக்குள் முப்பது கட்டில் உள்ள ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். பெயரை எழுத மாட்டேன். அந்தக் கட்டடமே இப்போது இல்லை, அந்த இடத்தில் கல்யாண மண்டபம் நிற்கிறது. மில் சங்கு ஊதும்போதுதான் எங்களுக்கும் நேரம் தெரியும். பஞ்சுத் தூசியில் நெஞ்சடைத்து வரும் ஜின்னிங் ஆட்கள், ரத்தம் செத்துக் கால் வீங்கி வரும் பிள்ளைத்தாய்ச்சிகள், தோப்பில் விரியன் கடித்து வருகிறவர்கள், சர்க்கரையில் கால் அழுகி வருகிற கடைக்காரர்கள் என்று கட்டில் எப்போதும் நிறைந்திருக்கும்.

அங்கே வார்டுக்குத் தலைமை எஸ்தர் சிஸ்டர். நாகர்கோவில் பக்கம். கல்யாணம் செய்துகொள்ளாதவர். ஆஸ்பத்திரி மாடியிலேயே ஓர் அறையில் குடியிருந்தார். சத்தம் போட்டு அவர் பேசி நான் கேட்டதில்லை. புது நோயாளி வந்தால் முதலில் பேச விடுவார். பாதியில் மறிக்க மாட்டார். பிறகு கீழ் இமையை இழுத்துப் பார்ப்பார், நாக்கை நீட்டச் சொல்வார், கணுக்காலுக்கு மேல் கட்டை விரலால் அழுத்திவிட்டு, குழி எவ்வளவு நேரத்தில் நிரம்புகிறது என்று பார்ப்பார். வாய்க்குப் பக்கத்தில் குனிந்து மோந்தும் பார்ப்பார். வயசு பதினைந்தோ எழுபதோ, வந்தவர் மூத்திரத்தில் எட்டுச் சொட்டை நீல மருந்தில் விட்டு ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சியே ஆக வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள் என்று ஏறிக்கொண்டே போய்ச் செங்கல் நிறம் வந்தால் ஆபத்து. அவர் கண்மறைந்தால் நாங்கள் நாற்பது வயசுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும்தான் காய்ச்சுவோம்.

மூச்சு எண்ணுவதற்கு அவருக்கென்று ஒரு முறை உண்டு. நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்து ஒரு நிமிஷம் நாடியை எண்ணுவார். எண்ணி முடித்தும் கையை விட மாட்டார். நாடி பார்க்கிற மாதிரியே நின்று அடுத்த நிமிஷம் மூச்சை எண்ணுவார். "மூச்சை எண்ணுகேன்னு தெரிஞ்சா அவியளே மாத்தி விட்டுருவாவ பிள்ளே. கையப் பிடிச்சுக்கிட்டு நெஞ்சைப் பாரு. கைய எடுக்காதே" என்பார்.

நான் சேர்ந்த இரண்டாவது மாதம் ஜின்னிங் ஆலை ஆள் ஒருவர் ஆஸ்துமாவோடு இருந்தார். குனிந்து கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஊதல் மாதிரி மூச்சு விடுகிறார். சார்ட்டில் என் கையெழுத்தில் இருபது. எஸ்தர் சிஸ்டர் அதைப் பார்த்தார். வரிசையாக எட்டுக் கட்டில் சார்ட்டையும் புரட்டினார்.

"இந்த வார்டுல எல்லாரும் சொல்லி வச்ச மாதிரி மூச்சு விடுகாவளா பிள்ளே?"

இருபதைத் திருத்தப் பேனாவை எடுத்தேன்.

"நீ எண்ணல. எழுதியிருக்க" என்றார். அவ்வளவுதான். வெட்கத்தில் ஒரு மாதம் ஒழுங்காக எண்ணினேன். பிறகு கட்டில் நிறைந்தது, ஆள் குறைந்தது, பழைய கை தானாகவே திரும்பி வந்தது.

இரண்டு மூன்று வருஷம் கழித்து ஒரு வைகாசி. எஸ்தர் சிஸ்டரின் அண்ணன் இறந்துபோனார். இரண்டு நாள் லீவில் ஊருக்குப் போகும்போது வார்டை என்னிடம் ஒப்படைத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. சாவிக் கொத்தை இடுப்பில் சொருகிக்கொண்டு நடந்தேன்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பேச்சியம்மாளைக் கொண்டுவந்தார்கள். பதினேழு வயசு. தேவதானம். அப்பா மாடசாமி தோப்புக் காவலுக்கு இருப்பவர். இவள் பஸ் ஏறி வந்து பேண்டேஜ் துணி நெய்கிற தறியில் வேலை பார்த்தாள். எங்கள் டிரெஸ்ஸிங் தட்டில் இருந்த துணிகூட அவள் நெய்ததாக இருந்திருக்கலாம். முந்தின நாள் குடும்பத்தோடு அய்யனார் கோவிலுக்குப் போய்ப் பொங்கல் வைத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். திரும்பி வந்ததிலிருந்து வாந்தி, வயிற்று வலி.

"கோயில்ல சாப்பிட்டது சேரல போல" என்றார் மாடசாமி.

"வேற யாருக்கும் ஒண்ணும் செய்யலையே" என்றார் அவள் அம்மா. "ரெண்டு மாசமாவே இவளுக்கு ஒடம்பு சரியில்ல சிஸ்டர். எம்புட்டுத் தண்ணி குடிச்சாலும் தாகம் அடங்க மாட்டேங்கு. மெலிஞ்சும் போயிட்டா."

அந்த அம்மா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஒரு சொல் பாக்கியில்லை. தறிக்கொட்டகை வெக்கையில் யார்தான் தண்ணீர் குடிக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு நான், "வெயிலு அப்படிம்மா, எனக்கே தாகமாத்தான் இருக்கு" என்றேன். சார்ட்டில் வாந்தி, வயிற்று வலி என்று மட்டும் எழுதினேன். பதினேழு வயசுப் பிள்ளைக்கு எதற்கு மூத்திரம் காய்ச்ச வேண்டும் என்று விட்டுவிட்டேன். நாடியைக் கால் நிமிஷம் எண்ணி நாலால் பெருக்கினேன். மூச்சுக்கு இருபது.

அவளிடம் ஒரு வாசம் இருந்தது. கனிந்த பழ வாசம். மாடசாமி கட்டிலுக்கு அடியில் ஒரு மஞ்சள் பை நிறையச் சப்பட்டை மாம்பழம் வைத்திருந்தார். டாக்டருக்குக் கொடுக்கத் தோப்பிலிருந்து கொண்டுவந்தது. குனிந்து பையைப் பார்த்தேன். "நல்லாப் பழுத்திருச்சே அய்யா, வார்டே மணக்கு" என்று சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்தார். இன்றைக்கு வரைக்கும் அந்தச் சிரிப்பை என்னால் மன்னிக்க முடியவில்லை.

டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். வயசானவர், நல்ல மனுஷன். வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு நிமிர்ந்தவர், அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஆழமா மூச்சு விடுற மாதிரி இருக்கே. எவ்வளவு?"

நான் சார்ட்டைப் பார்த்தேன். "இருபது சார்" என்றேன்.

"சரி" என்று தலையாட்டினார். சந்தேகம் அவருக்கு வந்தது. என் இருபதுதான் அதை அணைத்தது. அந்த இடத்தில் நான், "எண்ணிச் சொல்லுதேன் சார்" என்று சொல்லியிருந்தால் ஒரு நிமிஷம் ஆகியிருக்கும்.

மாடசாமி கையைக் கட்டிக்கொண்டு, "பிள்ள துவண்டு போயிட்டா சார், குளுக்கோஸ் ஏத்துங்க" என்று கேட்டார். நம் ஊரில் யாரும் கேட்பதுதான். வாந்தி எடுத்த பிள்ளை, நாக்கு வறண்டிருக்கிறது. டாக்டரும் இரண்டு பாட்டில் எழுதினார். சர்க்கரை நோய் முற்றி உடம்பெல்லாம் விஷமாகிக்கொண்டிருந்த பிள்ளைக்கு நானே நரம்பு தேடி ஊசி குத்திச் சர்க்கரைத் தண்ணீரை ஏற்றினேன். ஒரே குத்தில் நரம்பு கிடைத்தது என்று பெருமை வேறு.

மத்தியானத்துக்கு மேல் வாந்தி நின்றது. சாயங்காலம் கண் செருகிப் படுத்திருந்தாள். "தூங்குதா சிஸ்டர்" என்றார் அம்மா. "ராத்திரியெல்லாம் தூங்காத பிள்ளைல்லா, தூங்கட்டும்" என்றேன். இருபது எழுதினேன். ராத்திரி டியூட்டிக்கு வந்தவள் என் இருபதைப் பார்த்துத் தன் இருபதை எழுதினாள். மறுநாள் காலை டியூட்டிக்கு வந்ததும் நான் இன்னொன்று எழுதினேன். நாலு இருபது. அதில் மூன்று என் கையெழுத்து.

எட்டு மணிக்கு எஸ்தர் சிஸ்டர் வந்தார். பஸ் ஸ்டாண்டிலிருந்து நேராக வார்டுக்குள் நுழைந்தார், கையில் பை, அழுது வீங்கிய கண். வாசலில் நின்றபடியே வார்டை ஒரு தடவை பார்த்தார். பையைக் கீழே வைத்துவிட்டு நேராகப் பேச்சியம்மாள் கட்டிலுக்குப் போனார். மணிக்கட்டைப் பிடித்தார். ஒரு நிமிஷம். இன்னொரு நிமிஷம். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

குனிந்து அவள் வாயருகே மோந்தார்.

"மாம்பழம் சிஸ்டர். கட்டிலுக்கு அடியில இருக்கு" என்றேன்.

"அத வெளிய கொண்டு வை."

மஞ்சள் பையைத் தூக்கிக்கொண்டு போய் வராந்தாவின் கடைசியில் வைத்துவிட்டு வந்தேன். வந்து நின்றதும் எனக்கே தெரிந்தது. வாசம் அப்படியே இருந்தது. அது சர்க்கரை முற்றியவர்களின் மூச்சில் வருகிற வாசம்.

"முப்பத்தெட்டு" என்றார் சிஸ்டர்.

அவரே மூத்திரம் எடுத்தார். ஸ்பிரிட் விளக்கை நான் பற்றவைத்தேன், மூன்றாவது குச்சியில்தான் பற்றியது. எட்டுச் சொட்டு. நீலம் பச்சையில் நிற்கவில்லை, மஞ்சளில் நிற்கவில்லை. செங்கல் நிறத்தில் கட்டியாக இறங்கியது. டாக்டர் ஓடிவந்தார். குளுக்கோஸை நிறுத்தினார், உப்புத் தண்ணீர் ஏற்றினார், ஃபிரிட்ஜில் இருந்த இன்சுலினைப் போட்டார். மத்தியானம் வரை பார்த்தார்கள். கூப்பிட்டால் முனகியவள் முனகுவதையும் நிறுத்தினாள். மதுரைக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்.

வாடகைக்கு ஓர் அம்பாசடர் வந்தது. "நீ கூடப் போ" என்றார் எஸ்தர் சிஸ்டர். "கைய எடுக்காதே."

பின் சீட்டில் அம்மா மடியில் பிள்ளையின் தலை. நான் கால் வைக்கிற இடத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். மாடசாமி முன் சீட்டில் திரும்பி உட்கார்ந்து உப்புத் தண்ணீர்ப் பாட்டிலைக் கையில் தூக்கிப் பிடித்திருந்தார். வண்டி கிளம்பியதும் வாட்ச்சைப் பார்த்து எண்ண ஆரம்பித்தேன். அப்போதுதான் முதல்முறையாக அந்தப் பிள்ளையின் மூச்சை எண்ணுகிறேன். வண்டிச் சத்தத்தில் தப்பிவிடக் கூடாது என்று வாய்விட்டு முணுமுணுத்தபடி எண்ணினேன். முதல் நிமிஷம் முப்பத்தாறு. ஊர் தாண்டியதும் முப்பது. அம்மாவுக்கு அது அமைதியாகத் தெரிந்தது. "மூச்சு வாங்குறது கொறஞ்சிருக்கு, இல்ல சிஸ்டர்?" என்று கேட்டார். சரியாக இருபது வந்த ஒரு நிமிஷமும் இருந்தது. நான் மூன்று தடவை எழுதிய அதே இருபது. பிறகு பதினாலு. ஒன்பது.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் தூரத்தில் தெரிந்தது. மாடசாமி கும்பிடப் பார்த்தார். ஒரு கையில் பாட்டில் இருந்ததால் இரண்டு கையையும் சேர்க்க முடியவில்லை. ஒற்றைக் கையை நெஞ்சில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். நான் ஆறு எண்ணியிருந்தேன். ஏழுக்குக் காத்திருந்தேன். வரவில்லை. அடுத்த நிமிஷமும் அதற்கடுத்த நிமிஷமும் கையை எடுக்காமல் காத்திருந்தேன். பிறகுதான் டிரைவரிடம், "வண்டியத் திருப்புங்கண்ணே" என்று சொன்னேன்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது சார்ட் மேஜையில் இருந்தது. நாலு இருபதுக்குக் கீழே எஸ்தர் சிஸ்டர் நேரம் போட்டு முப்பத்தெட்டு என்று எழுதிக் கையெழுத்து வைத்திருந்தார். மூன்று நாள் கழித்து என்னைக் கூப்பிட்டு, "டாக்டர்ட்ட நான் சொல்லல. நீயே சொல்லு" என்றார். நான் சொல்லவில்லை. அவரும் திரும்பக் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து காலையும் சாயங்காலமும் முப்பது கட்டிலின் மூச்சையும் அவரே எண்ணினார். டியூட்டி முடிந்தும் ஒரு மணி நேரம் கூடுதலாக நின்று எண்ணினார். எங்கள் யாரையும் அவர் அதற்குப் பிறகு நம்பவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வேலையை விட்டு ஊருக்குப் போகிறவரைக்கும் அப்படித்தான். போகும்போது எல்லாரிடமும் சொல்லிக்கொண்டார், என்னிடமும். என் கையை மட்டும் பிடிக்கவில்லை.

நானும் அதற்குப் பிறகு எண்ணினேன், ஓய்வு பெறுகிற நாள் வரை. திருந்திவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பயம். நான் வார்டு சிஸ்டர் ஆனதும் பிள்ளைகளை அதட்டினேன், கெஞ்சினேன், சார்ட்டைக் கிழித்து எறிந்தேன். அதனால் நடந்தது என்னவென்றால், இருபது என்று எழுதியவர்கள் பத்தொன்பது, இருபத்தொன்று என்று மாற்றி எழுதக் கற்றுக்கொண்டார்கள். பேச்சியம்மாளைப் பற்றி அவர்களிடம் நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் யாராவது ஒருத்தி எண்ணியிருப்பாளோ என்னவோ.

மாடசாமி வருஷா வருஷம் மாம்பழப் பருவத்தில் வந்தார். எனக்காக ஒரு பை. கடைசிவரை தன் மகள் கையைப் பிடித்துக்கொண்டு வந்த நர்ஸம்மா என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்வார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் போனதும் ஆயாவிடம் கொடுத்துவிடுவேன். அந்த வாசம் எனக்கு ஆகாது. வீட்டில் மாம்பழம் வாங்குவதே நின்றுபோனது, என் பிள்ளைகளுக்குக் காரணம் தெரியாது.

கடைசியாக அவர் வந்தது தொண்ணூறுகளின் பின்பாதியில். ரொம்பத் தளர்ந்திருந்தார். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து அவரை வராந்தா பெஞ்சில் உட்கார வைத்தேன். அவர் பையைக் கீழே வைத்தார். "அய்யா, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

"நானும் ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன் தாயி" என்றார் அவர். "ரொம்ப வருஷமா மனசுல கெடக்கு. அன்னிக்கு கார்ல வரும்போது, எம் பிள்ள கையப் பிடிச்சுக்கிட்டு வாய்க்குள்ளயே என்னமோ சொல்லிக்கிட்டே வந்தீகளே. அவளுக்காகச் சாமியத்தான கும்பிட்டீக?"

எஸ்தர் சிஸ்டர் நின்று எண்ணிய கட்டில்கள் ஜன்னல் வழியே தெரிந்தன. மாடசாமி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாய்யா" என்றேன். "சாமியத்தான் கும்பிட்டேன்."

அவர் மெதுவாக எழுந்து நின்று என்னைக் கும்பிட்டார். இந்தத் தடவை இரண்டு கையும் சேர்ந்திருந்தன.